பட்டியலில் இல்லாத திராட்சை

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, யூட்ரியோ என்னும் சிற்றாறு ஓடுகிறது. 1866இல் வெனிஸும் மேற்கு ஃப்ரியுலியும் இத்தாலியோடு இணைந்த பின்னர், முதல் உலகப்போர் முடியும்வரை இந்த ஆறே இத்தாலிய முடியரசுக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கும் எல்லையாக இருந்தது. ஆற்றின் இத்தாலியக் கரையில் ப்ரெபோத்தோ என்னும் சிற்றூர் உள்ளது. ஸ்லோவேன மொழியில் அதன் பெயர் ப்ரபோத்னோ. பெரணிச் செடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தாழ்ந்த பகுதியில் ஃப்ரியுலியனும் மேட்டுக் குடியிருப்புகளில் ஸ்லோவேனும் வீட்டுமொழிகள். பள்ளியும் அரசும் இத்தாலிய மொழியில் நடப்பவை. ஓர் ஊருக்கு இரண்டு பெயர்களும் மூன்று மொழிகளும் உள்ள இடத்தில் ஒரு திராட்சைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்ததில் வியப்பில்லை. அந்தத் திராட்சையின் கதை 1970களில் சட்டத்தோடு மோதியது. மோதலின் நடுவே நின்றது ஒரு குடும்பம்.

திராட்சையின் இத்தாலியப் பெயர் ஸ்கியோப்பெத்தீனோ. 'படபடவென வெடித்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த சிறுமைப் பெயர். பெயர்க்காரணம் இருவகையாகச் சொல்லப்படுகிறது. தடித்த தோலுள்ள பழம் பல்லிடையில் 'பட்' என்று உடைவதால் என்பர் சிலர். புட்டியில் அடைத்த ஒயின் இளவேனிலில் மீண்டும் நொதித்து நாவில் நுரைபோல் குத்துவதால் என்பர் வேறு சிலர். மொழியியல் நோக்கில் சுவையான செய்தி, இதன் ஸ்லோவேனப் பெயரான 'பொகால்சா'விலும் இதே படிமம் தென்படுவது. ஸ்லோவேனத்தில் 'போகாதி' என்றால் வெடித்தல், விரிதல். எது மூலம், எது பெயர்ப்பு என்று இன்று பிரித்தறிவது கடினம். எல்லைப்புற இருமொழிச் சமூகங்களில் இத்தகைய பொருட்பெயர்ப்புகள் இரு திசையிலும் நிகழும். மூன்றாவதாக 'ரிபொல்லா நேரா', அதாவது கரிய ரிபொல்லா, என்ற பெயரும் வழங்கியது. அது குழப்பம் தரும் பெயர். அதே மலைகளில் விளையும் வெள்ளைத் திராட்சையான மஞ்சள் ரிபொல்லாவுக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே உறவு. தாவரவியல் வழியில் இரண்டும் வேறு வேறு வகைகள்.

இந்த வட்டாரத்துத் திராட்சைகளின் பெயர்களே ஒரு தனி ஆய்வுக்கு இடம் தரும். 'தாத்ஸெலெங்கே' என்றால் ஃப்ரியுலியனில் நாவறுப்பான். அதன் புளிப்பும் துவர்ப்பும் அத்தகையவை. 'பின்யோலோ'வின் கொத்து பைன் மரக் காய்போல் இறுகியிருப்பது. 'ரெஃபோஸ்கோ' வகைகளுள் ஒன்றின் முழுப்பெயரே 'சிவந்த காம்புடைய ரெஃபோஸ்கோ'. 'பிக்கொலித்'தில் பூக்கள் பெரும்பாலும் காய்க்காமல் உதிர்ந்துவிடும். ஒரு கொத்தில் சில மணிகளே தேறும். பெயரிட்டவர்கள் தாவரவியலாளர்கள் அல்லர். கொடியைக் கவாத்து செய்து, பழத்தைக் கடித்து, குடத்திலிருந்து குடித்துப் பார்த்தவர்கள். ஒலி, நாக்கு, காம்பு, காய் என்று அவர்களுடைய உடலுக்கும் கண்ணுக்கும் எட்டியவையே பெயர்களாயின.

ஸ்கியோப்பெத்தீனோ ஏன் மறைந்தது என்பதற்குக் காரணங்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபில்லோக்சிரா என்னும் வேரைத் தின்னும் பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதை வெல்ல ஒரே வழி அமெரிக்க வேர்க்கன்றுகளில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக்கட்டுவதே. அப்படி மறுநடவு செய்ய நேர்ந்தபோது எந்தக் கொடியை ஒட்டுவது என்ற கேள்வி எழுந்தது. பிரான்சிலிருந்து வந்த மெர்லோவும் காபெர்னே ஃபிராங்கும் சீராக விளைந்தன, எளிதில் விற்றன. உள்ளூர் வகைகள் பின்தள்ளப்பட்டன. அதன்பின் போர் வந்தது. 1917 அக்டோபரில் கபொரெத்தோவில் இத்தாலியப் படைமுகம் உடைந்தபோது எதிரிப்படை இறங்கிய வழியில் இருந்தவை இந்தப் பள்ளத்தாக்குகளே. பாசிச ஆட்சியில் ஸ்லோவேன மொழி பள்ளியிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் விரட்டப்பட்டது. குடும்பப் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் இத்தாலியமாக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலைச்சரிவுகளிலிருந்து மக்கள் வெளியேறினர். சிலர் பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயினர். சிலர் மான்சானோவைச் சுற்றிய நாற்காலித் தொழிற்கூடங்களுக்குப் போயினர். கைவிடப்பட்ட படிநிலத் தோட்டங்களில் காடு ஏறியது.

ஆயினும் கொடி முற்றாக அழியவில்லை. அழியவிடாமல் காத்தது நோயும் போரும் அல்லவே. காத்தவை வீட்டு ஓரத்திலும் வேறு கொடிகளின் வரிசைக்கு நடுவிலும் விட்டுவைக்கப்பட்ட ஒன்றிரண்டு மூப்படைந்த அடிமரங்கள். சந்தைக்கு அன்றித் தம் மேசைக்கு மட்டும் ஒயின் செய்த கிழவர்கள் அவற்றை வெட்டவில்லை. இதை வலியுறுத்துவது தேவையாகிறது. பின்னர் எழுதப்பட்ட மீட்புக் கதைகளில் மீட்டவர்களின் பெயர் உண்டு. மீட்பதற்கு ஏதேனும் மிஞ்சும்படி செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1970 என்ற ஆண்டை இந்தக் கதையில் மூன்று முறை எழுத வேண்டியுள்ளது.

முதலாவதாக, அவ்வாண்டில்தான் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஒயினுக்கான பொதுச் சந்தை ஒழுங்கை உருவாக்கியது. அதன் தொடர்ச்சியாகத் திராட்சை வகைகளின் வகைப்பாடும் வந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பட்டியல். அதில் 'பரிந்துரைக்கப்பட்டவை', 'அனுமதிக்கப்பட்டவை', 'தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவை' என மூன்று வகுப்புகள். இவற்றுள் இடம்பெறாத வகையைப் புதிதாக நடக்கூடாது. இரண்டாவதாக, அதே ஆண்டில் இந்த மலைப்பகுதி 'கொல்லி ஓரியெந்தாலி தெல் ஃப்ரியுலி', அதாவது ஃப்ரியுலியின் கிழக்குக் குன்றுகள், என்ற பெயரில் இத்தாலியச் சட்டத்தின்கீழ் மூலப்பெயர்க் காப்பு பெற்றது. மூன்றாவதாக, பாவொலோ ராபுத்சியும் அவர் மனைவி தீனாவும் ப்ரெபோத்தோவுக்கு உட்பட்ட சால்லா என்னும் சிறு பள்ளத்தாக்கில், காடு சூழ்ந்த நிலமும் பழைய வீடும் வாங்கி, 'ரொங்கி தி சால்லா' என்ற பண்ணையைத் தொடங்கினர். 'ரொங்க்' என்பது குன்றுச்சரிவில் காடு திருத்தி உண்டாக்கிய தோட்டத்துக்கு ஃப்ரியுலியன் சொல். களைதல், திருத்துதல் என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. கைவிட்ட நிலத்தை மீண்டும் திருத்தியவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அவர்கள் ஒரு முடிவு எடுத்தனர்: உள்ளூர் வகைகளைத் தவிர வேறெதையும் நடுவதில்லை. மெர்லோவும் காபெர்னேவும் வளர்ச்சியின் அடையாளமாகக் கருதப்பட்ட காலத்தில் இது பிடிவாதமாகத் தோன்றியிருக்கும். மஞ்சள் ரிபொல்லா, வெர்துத்சோ, பிக்கொலித், சிவந்த காம்பு ரெஃபோஸ்கோ ஆகியவற்றுக்கு நாற்றங்காலில் கன்று கிடைத்தது. பழைய ஆட்கள் நினைவிலிருந்து சொன்ன கருந்திராட்சைக்கு மட்டும் கன்று இல்லை. தேடல் தொடங்கியது. ஊராட்சித் தலைவர் வழிகாட்ட, தோட்டந்தோட்டமாகப் போய்ப் பார்த்ததில் அகப்பட்டவை நூறுக்கும் குறைவான அடிமரங்கள். அவற்றிலிருந்து குச்சிகள் எடுத்து, ஒட்டுக்கட்டி, சில ஆயிரம் கன்றுகளாகப் பெருக்கி நட்டனர்.

இங்குதான் பட்டியல் குறுக்கே வந்தது. ஊதினே மாகாணத்தின் பட்டியலில் ஸ்கியோப்பெத்தீனோ இல்லை. அது இழிந்தது என்று எவரும் தீர்ப்பளித்து நீக்கியதில்லை. பட்டியல் தொகுக்கப்பட்ட நேரத்தில் அதை வணிகமாகப் பயிரிட்டவர் எவரும் இல்லை. ஆகவே எழுதவும் ஒன்றுமில்லை. இல்லாதது எழுதப்படவில்லை, எழுதப்படாததை உண்டாக்குவது குற்றமாயிற்று. ஒரு திராட்சைக்கொடி நட்ட மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் உருப்படியாகக் காய்க்கும். அந்த ஆண்டுகள் முழுதும் வருவாயற்ற ஒரு குடும்பம், தண்டமும் 'பிடுங்கி எறி' என்ற ஆணையும் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய ஒரு தோட்டத்துக்குத் தண்ணீரும் உழைப்பும் ஊற்றிக்கொண்டிருந்தது.

பட்டியலை வெறும் அலுவலக மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. அதற்குப் பின்னால் வரலாறு உண்டு. ஃபில்லோக்சிராவுக்குப் பின் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அமெரிக்கக் கொடிகளும் கலப்பினக் கொடிகளும் நேரடியாகவே பயிரிடப்பட்டன. நோய் தாங்குபவை, மிகுதியாக விளைபவை. ஒயினின் தரமோ குறைவு. கூடவே, சந்தையில் ஒயின் தேங்கி விலை வீழ்ந்துகொண்டிருந்தது. என்ன நடலாம் என்று வரையறுப்பதன் வழியே தரத்தையும் அளவையும் கட்டுப்படுத்த முனைந்ததில் நியாயம் இருந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. 'தீயது என்பதால் விலக்கப்பட்டது', 'எவரும் சொல்லாததால் விடுபட்டது' என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டும் நிரல் அந்தப் பட்டியலில் இல்லை. அகராதியில் ஒரு சொல் இல்லையென்றால் அந்தச் சொல் மொழியிலேயே இல்லை என்று முடிவு கட்டும் மாணவனின் பிழைதான் இது. சட்டத்தின் வலிமையோடு செய்யப்பட்ட பிழை.

மொழிகளின் பட்டியலிலும் இதே கதை நடந்தது என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லலாம். ஃப்ரியுலியன் தனி மொழியா, இத்தாலியக் கிளைவழக்கா என்ற விவாதம் பழையது. கொரீத்சியாவில் பிறந்த மொழியியலாளர் கிராத்சியாதியோ அஸ்கொலி 1873இல் வெளியிட்ட லதீன் மொழிகள் பற்றிய ஆய்வில் அதன் தனித்தன்மையை விரிவாக நிறுவினார். இத்தாலிய அரசு ஃப்ரியுலியனையும் ஸ்லோவேனையும் உள்ளடக்கிய பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளைச் சட்டத்தில் பெயர் சொல்லி ஏற்றது 1999இல். நூற்றிருபத்தாறு ஆண்டுகள். எட்டாம் அட்டவணைக்கான வரிசையில் எந்த மொழி எவ்வளவு காலம் நின்றது என்று அறிந்த இந்திய வாசகருக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. அந்த மலைகளில் திராட்சைக்கு மொழியைவிட விரைவாக இடம் கிடைத்தது.

கிடைத்ததற்கு ஓர் எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது. ஊதினேக்குத் தெற்கே பெர்கோத்தோவில் கிராப்பா வடிக்கும் நொனீனோ குடும்பம் இருந்தது. கிராப்பா என்பது ஒயினுக்குப் பிழிந்தபின் எஞ்சும் தோலும் விதையுமான சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம். குளிரில் வேலை செய்பவர்களின் மலிவுக் குடி என்றே பெயர் பெற்றிருந்தது. எல்லாத் திராட்சைகளின் சக்கையையும் கலந்தே வடிப்பது வழக்கம். 1973இல் பெனிதோ நொனீனோவும் ஜன்னோலா நொனீனோவும் பிக்கொலித் என்னும் ஒரே வகையின் சக்கையைத் தனியாக வடித்தனர். அதே முறையைப் பிற உள்ளூர்த் திராட்சைகளுக்கும் செய்ய எண்ணிச் சக்கை தேடியபோதுதான் ஸ்கியோப்பெத்தீனோ, பின்யோலோ, தாத்ஸெலெங்கே ஆகியவை பட்டியலுக்கு வெளியே நிற்பவை என்று தெரியவந்தது. 1975 நவம்பரில் அவர்கள் ஒரு பரிசை நிறுவினர். 'ரிசித் தௌர்' என்று பெயர்; ஃப்ரியுலியனில் பொன் கொடிக்கன்று. நடக்கூடாத கொடிகளை நன்கு நட்டவருக்குப் பரிசு! சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போகாமல், சட்டம் காணாததாகப் பாவித்ததை மேடையேற்றி எல்லாரும் காணும்படி செய்த செயல் இது. சிறு உழவர்களின் ஒயினுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய எழுத்தாளர் லுயீஜி வெரொனெல்லி இந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1976இல் முதல் பரிசு ராபுத்சி குடும்பத்துக்கு.

அதே 1976 மே 6ஆம் நாள் இரவு ஃப்ரியுலியில் நில நடுக்கம். ஜெமோனாவும் வென்த்சோனேவும் இடிந்து கிடந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தனர். செப்டம்பரில் மீண்டும் நடுங்கியது. அந்த ஆண்டில் ஒரு திராட்சைக் கொடியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது முதல் பார்வையில் பொருந்தாததாகத் தோன்றலாம். வீடுகளையும் கோபுரங்களையும் கல்கல்லாக எண்ணிட்டு இருந்தவாறே மீண்டும் எழுப்ப வேண்டும் என்று வென்த்சோனே மக்கள் பிடிவாதம் பிடித்த ஆண்டுகளும் அவையே. எதை இழக்கலாகாது என்று ஒரு வட்டாரம் கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலம் என்று அதைப் படிக்க இடமுண்டு.

ரொங்கி தி சால்லாவின் முதல் ஸ்கியோப்பெத்தீனோ 1977ஆம் ஆண்டு அறுவடை. ஐரோப்பியச் சமூகம் அந்த வகைக்கு அனுமதி வழங்கியது 1978இல். ஓராண்டு இடைவெளி சிறிதுதான். ஆனால் அந்த முதல் ஒயின், தன் மூலப்பொருள் சட்டத்தின் கண்ணில் பிறப்பதற்கு முன்பே பிழியப்பட்டது. பரிசு பின்னாளில் இலக்கியத்துக்கும் விரிந்தது. நைபால், டிரான்ஸ்ட்ரோமர், மோ யான் ஆகியோர் நோபெல் பெறுவதற்கு முன்பே நொனீனோ பரிசு பெற்றவர்கள். உலக இலக்கியம் பயில்வோர் அந்தப் பெயரை அறிந்திருப்பர். அது ஒரு கருந்திராட்சைக்காகத் தொடங்கியது என்பதை அறிந்தவர் சிலரே.

அந்த ஒயினைப் பற்றி ஒரு செய்தியையும் விடமுடியாது. அதில் மிளகு மணக்கும் என்று குடித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். ஒயின் விவரிப்பில் இத்தகைய உவமைகள் மலிந்தவை, பெரும்பாலும் நம்பத்தகாதவை. இதில் மட்டும் உவமை இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் ஒயினின் மிளகு மணத்துக்குக் காரணமான 'ரோட்டண்டோன்' என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தனர்; கருமிளகில் மணப்பதும் அதுவே. 2011இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்று அதே சேர்மம் ஸ்கியோப்பெத்தீனோவிலும் கணிசமாக உண்டென்று காட்டியது. மலபார் மிளகை ஐரோப்பாவுக்கு விற்றுக் கொழுத்த வெனிஸ் குடியரசுதான் 1420 முதல் ஃப்ரியுலியை ஆண்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, தற்செயல் ஒற்றுமைதான். மிளகு விளையும் நாட்டிலிருந்து படிப்பவருக்கு அதைச் சொல்லாமல் போக மனம் வராது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், சட்டம் பிழை செய்தது, மக்கள் திருத்தினர் என்று நிறுத்தலாம். அதே மலைகளில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி அந்த எளிய முடிவுக்கு இடம்தரவில்லை.

ஃப்ரியுலியில் மிகுதியாகக் குடிக்கப்பட்ட வெள்ளை ஒயின் 'தொகாய்'. பட்டியலில் இருந்த பெயர். புட்டிகளில் அச்சான பெயர். வேலை முடிந்து வருபவர்கள் முதலில் கேட்கும் கிண்ணத்தின் பெயர். ஸ்கியோப்பெத்தீனோவுக்கு இல்லாதவை எல்லாம் அதற்கு இருந்தன. ஹங்கேரியிலோ 'தொகாய்' என்பது ஓர் ஊர். அதைச் சூழ்ந்த மலைகளில் ஃபுர்மின்த், ஹார்ஷ்லெவெலு முதலிய திராட்சைகளிலிருந்து வரும் இனிப்பு ஒயின் பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றது. ஃப்ரியுலியின் தொகாய்த் திராட்சைக்கும் ஃபுர்மின்த்துக்கும் உறவில்லை. அது பிரெஞ்சு வேருடைய 'சோவின்யோனாஸ்' என்னும் வகையே என்று பின்னர் உறுதியாயிற்று. 1993இல் ஐரோப்பியச் சமூகமும் ஹங்கேரியும் ஒயின் பெயர்கள் குறித்து உடன்படிக்கை செய்தன. ஃப்ரியுலி உழவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த 2007 மார்ச் 31 வரை தவணை. வட்டார அரசு வழக்காடியது. 2005 மே மாதம் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஹங்கேரியின் பெயர் ஓர் இடத்தின் பெயர், இத்தாலியின் பெயர் ஒரு கொடியின் பெயர். ஒத்த ஒலியுடைய இரு இடப்பெயர்கள் மோதினால் இரண்டும் வாழ வழியுண்டு. இடப்பெயரும் செடிப்பெயரும் மோதினால் செடிப்பெயருக்குக் காப்பில்லை.

தீர்ப்பின் தருக்கத்தில் ஓட்டை காண்பது கடினம். தன் ஊரின் பெயரை ஹங்கேரியர் தம்முடையதென்று கேட்டதும் நியாயமே. ஆனால் அந்தத் தீர்ப்பு, ஐரோப்பிய ஒயின் சட்டம் சொற்களை எப்படி வகைப்படுத்துகிறது என்பதை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. இடப்பெயர் என்பது சொத்து. அதற்கு உரிமையாளர் உண்டு, எல்லை உண்டு, வழக்காடும் தகுதி உண்டு. செடிப்பெயர் பொதுச்சொல், எவருடையதும் அன்று. ஒரு வகுப்பார் அதை எத்தனை தலைமுறை பேசினர் என்பது கணக்கில் வராது. பேச்சுவழக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் தரும்; உரிமை தராது. 2007க்குப் பின் அந்தத் திராட்சையின் ஒயின் 'ஃப்ரியுலானோ' ஆயிற்று. அதாவது 'ஃப்ரியுலியைச் சேர்ந்தது'. ஒரு செடிப்பெயரை இழந்தவர்கள் மாற்றாக இடத்தைச் சுட்டும் ஒரு பெயரடையைத் தேர்ந்தார்கள்.

பாடம் விரைவில் கற்கப்பட்டது. 2009வரை 'ப்ரொசெக்கோ' என்பது திராட்சையின் பெயர். உலகில் எவரும் அந்தக் கொடியை நட்டு அந்தப் பெயரில் விற்கலாம். அவ்வாண்டில் இத்தாலிய அரசு திராட்சைக்குக் 'கிளேரா' என்ற வேறு பெயரை அதிகாரப் பெயராக்கி, 'ப்ரொசெக்கோ'வை இடப்பெயராக மாற்றிக் காப்பிட்டது. அதற்கு ஆதாரமாக ஓர் ஊர் வேண்டுமல்லவா? திரியெஸ்தேவுக்கு அருகே ப்ரொசெக்கோ என்ற ஊர் இருந்தது. ஸ்லோவேனர் வாழும் ஊர். அவர்கள் மொழியில் ப்ரொசெக். பெருவணிகம் நடந்ததோ தொலைவில், வெனெத்தோவில். சிறு ஊர் ஒன்றின் பெயர் ஒன்பது மாகாணங்களின் பேரளவுத் தொழிலுக்குப் பத்திரமாயிற்று. தொகாய் வழக்கில் ஹங்கேரி நின்ற இடத்தில் இப்போது இத்தாலி. 2021இல் குரோவேசியர் தம் பழைய இனிப்பு ஒயினான 'ப்ரொஷெக்'குக்குக் காப்புக் கோரியபோது முதல் எதிர்ப்பு ரோமிலிருந்து எழுந்தது.

இந்தப் பின்னணியில் ராபுத்சி குடும்பம் செய்த இன்னொரு செயலின் பொருள் விளங்கும். கொடி பட்டியலில் ஏறியபின் அவர்கள் ஓயவில்லை. தம் பள்ளத்தாக்கின் பெயருக்குத் தனி ஏற்பு தேடினர். 1995இல் சால்லா அந்தப் பெரிய காப்புப் பகுதிக்குள் தனி உட்பகுதியாக ஏற்கப்பட்டது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமாயின் உள்ளூர் வகைகள் மட்டுமே. பின்னர் ப்ரெபோத்தோவின் மற்ற உழவர்களும் ஒன்றுகூடி 'ப்ரெபோத்தோவின் ஸ்கியோப்பெத்தீனோ' என்ற பெயருக்கு ஏற்புப் பெற்றனர். ஸ்கியோப்பெத்தீனோ என்ற பெயரை நாளை சிலியிலோ ஆஸ்திரேலியாவிலோ எவரும் பயன்படுத்தலாம். சால்லா, ப்ரெபோத்தோ என்பவற்றைப் பயன்படுத்த முடியாது. கொடி உயிரோடிருக்கப் பட்டியலில் பெயர் வேண்டும்; பெயர் கையில் இருக்க ஊரோடு அதைக் கட்ட வேண்டும். சிறு பண்ணைகள் இந்த இரண்டாம் பகுதியைச் சட்ட நூல்களிலிருந்து கற்கவில்லை. அண்டைத் தோட்டத்துத் தொகாய் இழந்ததைப் பார்த்தோ, அதற்கு முன்பே உள்ளுணர்ந்தோ செய்தனர்.

இந்த வெற்றியிலும் ஓர் இழப்பு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பட்டியலுக்கு ஒரு கொடிக்கு ஒரு தலைமைப் பெயர் போதும். அது இத்தாலியப் பெயராக அமைந்தது. பொகால்சா என்ற ஸ்லோவேனப் பெயர் இன்று திராட்சை அகராதிகளில் 'வேறு பெயர்கள்' என்ற வரியில் சிறிய எழுத்தில் நிற்கிறது. கொடியைக் காத்த கிழவர்களுள் எத்தனை பேர் அதை அந்தப் பெயரால் அழைத்திருப்பர்? தேவாலயத்தில் தம் மொழியில் செபிக்கத் தடைபட்ட தலைமுறை அது. ஒரு பட்டியல் ஒரு பொருளை ஏற்கும்போது, அதன் பல பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் துணைப்பெயராக்கும். தரப்படுத்தலின் வரலாற்றை மொழிகளில் பயில்வோர் இதே வடிவத்தைத் தாவரங்களிலும் காணலாம்.

ராபுத்சி குடும்பத்தின் அடுத்த தலைமுறை இன்று அதே பள்ளத்தாக்கில் அதே வகைகளை மட்டும் பயிரிடுகிறது. 1970களில் நூறுக்கும் குறைவான அடிமரங்களாக எஞ்சிய கொடி இப்போது ப்ரெபோத்தோவின் பல தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்கிறது. ஊரின் பெயரோடு சேர்ந்தே விற்கிறது. தொகாயின் நிலை வேறு. சிவிதாலேயிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சிறு மதுக்கடைகளில் மூத்தவர்கள் இன்றும் 'ஒரு தொகாய்' என்றே கேட்கிறார்கள். பரிமாறுபவர் மறுபேச்சின்றி 'ஃப்ரியுலானோ' என்று அச்சிட்ட புட்டியை எடுத்து ஊற்றுகிறார்.